உடைப்பும் அடைப்பும்

மேலூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நமக்கு ஒரு பழைய சிநேகிதர் இருக்கிறார். முப்பத்தைந்து வருஷ காலம் உபாத்தியாயராக இருந்து, தலைமை ஆசிரியராக ஓய்வு பெற்றவர். கல்யாணம் என்றால் அவருக்கு உயிர். பெண் வீட்டார் அழைத்தார்களா, பிள்ளை வீட்டார் அழைத்தார்களா என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம். பந்தலில் வாழை மரம் கட்டியிருந்தால் போதும். உள்ளே நுழைந்து, முதல் பந்தியில் யாரை எங்கே உட்கார வைப்பது என்று உத்தரவு போடத் தொடங்கிவிடுவார். பாயசம் இரண்டாந்தரம் வரவில்லையென்றால் சமையற்காரருக்கு அன்று நல்ல காலமில்லை என்று அர்த்தம்.

அப்பேர்ப்பட்டவர், மதுரையில் நடந்த தம் சொந்தத் தம்பி மகளின் கல்யாணத்தில் முதல் நாள் முழுவதும் தலைகாட்டவில்லை. மறுநாள் தாலி கட்டும் சமயத்துக்கு வந்தார், கடைசி வரிசைக்கும் பின்னால், வாசற்படி ஓரமாக நின்றபடியே அட்சதை போட்டார், சாப்பிடாமலே போய்விட்டார். நாம் திகைத்துப் போனோம்.

சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்டுக் கொண்டிருந்தபோது அவருடைய மனைவி நம்மிடம் வந்து, "அண்ணே, அவருக்கு உடம்பிலே என்னமோ இருக்கிறது. ஒரு வருஷமாக ஓர் இடத்துக்கும் வருவதில்லை. துணியைத் தாமே துவைத்துக் கொள்கிறார். கேட்டால் எரிந்து விழுகிறார். நீங்கள் கேட்டால் ஒருவேளை சொல்லுவார்" என்றார். சொல்லும்போதே அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் கிராமத்துக்குப் போனோம். கண்மாய்க் கரையில் இருவரும் நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். மழை, பெரியாற்றுக் கால்வாயில் தண்ணீர் வந்த தேதி, பேரப் பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றையும் பற்றிப் பேசியாயிற்று. இருட்டிய பிறகுதான், முகம் தெரியாத தைரியத்தில், அவர் விஷயத்தைச் சொன்னார்.

பதினாலு மாதத்துக்கு முன் அவருக்குப் பிராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று கண்டு, ஒரு நகரத்து ஆஸ்பத்திரியில் சஸ்திர சிகிச்சை செய்து அந்தச் சுரப்பியை எடுத்தார்கள். நோய் முழுவதும் போய்விட்டது என்றும் சொன்னார்கள். இவ்வளவும் ஊருக்கெல்லாம் தெரிந்த செய்தி. ஊருக்குத் தெரியாத செய்தி இதற்கு மேல்தான் இருந்தது. மூத்திரக் குழாயை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்த சில நாட்களில், சிறுநீரோடு காற்றும் குமிழி குமிழியாக வர ஆரம்பித்தது. பிறகு சிறுநீரில் ஒரு பகுதி ஆசனவாய் வழியாகக் கசிந்தது. அடிக்கடி குளிர் ஜுரம் கண்டது.

"மறுபடியும் அந்த டாக்டரிடம் போய்ச் சொல்வதற்கு என்ன?" என்று கேட்டோம்.

"எப்படி ஐயா சொல்வது? ஐம்பது பிள்ளைகளுக்கு முன்னால் பிரம்பும் கையுமாக நின்றவன் நான்" என்றார் நண்பர்.

டாக்டரிடம் சொல்ல வெட்கப்பட்டவர், ஊர் சுவரில் எழுதியிருந்த விளம்பரத்தை நம்பினார். மதுரைச் சுவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்த விளம்பரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. "மூலம், பவுத்திரம்" என்ற இரண்டு வார்த்தைகள் இல்லாத பஸ் நிலையம் நம் ஜில்லாவில் உண்டோ என்பது சந்தேகம். அப்படி ஓரிடத்துக்குப் போய், 'பவுத்திரம்' என்று பெயர் சூட்டப்பட்டு, களிம்பும் மாத்திரையும் வாங்கிக்கொண்டு, பணத்தையும் கொடுத்துவிட்டு வந்தார். கசிவு நிற்கவில்லை. நிற்கவும் நியாயமில்லை.

*

குடும்பத்தில் எல்லோரும் படிக்கும் பத்திரிகையில் இந்த மாதிரி விஷயத்தை எழுதலாமா என்று சில நேயர்கள் நினைக்கக் கூடும். நாமும் இரண்டு நாள் யோசித்தோம். வீட்டில் யாரும் பேசாமலிருந்ததனால்தான் நமது நண்பர் பதினாலு மாதம் தம் வீட்டிலேயே சிறை இருந்தார் என்று தோன்றிய பிறகு, எழுதிவிடுவது என்று தீர்மானித்தோம்.

பிராஸ்டேட் சுரப்பி ஆண்களுக்கு மட்டும் உள்ளது. கொட்டைப் பாக்கைவிடச் சற்றுப் பெரியது. மூத்திரப்பைக்குக் கீழே, மூத்திர நாளத்தைச் சுற்றி அமைந்தது. அதன் முதுகுப்புறத்தை ஒட்டினாற்போல் மலக்குடல் இறங்குகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய சவ்வுதான் தடுப்பு. இரண்டு கண்மாய்களுக்கு நடுவே ஒரே ஒரு வரப்பு இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். ஒன்றில் இருப்பது சிறுநீர். மற்றதில் இருப்பது மலம். ஒன்றின் சரக்கு மற்றதற்குள் போகக் கூடாது.

புற்றுக்காகச் சுரப்பியை எடுக்கும்போது, அந்த வரப்பின் மேலேயே கத்தி போயாக வேண்டும். சுரப்பியை எடுத்தபின் மூத்திரப்பையின் வாயைக் கீழேயுள்ள நாளத்தோடு சேர்த்துத் தைக்கிறார்கள். அந்தத் தையலும் மலக்குடலுக்கு நேர் முன்னால்தான் இருக்கிறது. இந்த வேலையில் மலக்குடலின் சுவரில் காயம் படுவது, கைதேர்ந்தவர்களிடம், நூறு பேரில் ஓரிருவருக்கு மேல் இல்லை. பெரும்பாலும் அதற்கும் குறைவு. பட்டாலும், அப்போதே கண்டுபிடித்து இரண்டு அடுக்காகத் தைத்துவிட்டால், பெரும்பாலும் ஆறிவிடும். கண்ணில் படாமல் போனாலோ, தைத்த தையல் விட்டுப் போனாலோதான் ஆபத்து. இரண்டு பக்கத்துப் புண்ணும் ஒன்றையொன்று பார்த்துக் கொண்டு, நடுவே ஒரு வழி விழுந்துவிடுகிறது. கதிர் வைத்தியம் செய்து கொண்டவர்களுக்கும், சில சமயம் நெடுநாள் கழித்து, இப்படி வழி விழுவதுண்டு. விபத்தில் இடுப்பெலும்பு நொறுங்கியவர்களுக்கும் உண்டு.

இதை டாக்டர்கள் 'பிஸ்டுலா' என்கிறார்கள். லத்தீன் பாஷையில் குழாய் என்று அர்த்தமாம். வடமொழி வைத்திய நூல்களில் 'நாடீவிரணம்' என்பதும் குழாய்ப் புண்தான். நாம் 'புரைவழி' என்று சொல்லிக் கொள்ளலாம். பவுத்திரமும் ஒரு புரைவழியே. சுசுருதர் அதைப் பகந்தரம் என்ற பெயரில் விரிவாக எழுதியிருக்கிறார். ஆனால் சாதாரணப் பவுத்திரம் ஆசனவாய்க்கும் வெளித் தோலுக்கும் நடுவே விழும் வழி. நமது நண்பருக்கு விழுந்தது மூத்திர வழிக்கும் மலக்குடலுக்கும் நடுவே. முன்னதற்குள்ள மருந்தைப் பின்னதற்குப் போடுவது, மேலூரில் கரை உடைந்ததற்குத் திருமங்கலத்தில் மண் கொட்டுகிற கதைதான்.

*

எப்படியோ பேசிச் சம்மதிக்க வைத்து, அவரை வேறோர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். அவருடைய மனைவியும் வந்தார். மூத்திர உறுப்புகளின் சிகிச்சையில் தேர்ந்த இளம் டாக்டர் ஒருவர் பார்த்தார். நண்பர் சொல்லத் தயங்கியதை டாக்டர் தாமே ஒவ்வொன்றாகக் கேட்டார். "சிறுநீரில் காற்று வருகிறதா? அதில் மலத் துணுக்குகள் தெரிகின்றனவா? பின்வழியாக நீர் வருகிறதா?" நமது நண்பர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். பதினாலு மாதம் வாயில் வராத சமாசாரம் ஐந்து நிமிஷத்தில் வெளிவந்துவிட்டது.

பிறகு பரிசோதனைகள் நடந்தன. மூத்திர நாளத்துக்குள் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள், உள்ளே விளக்குக் குழாய் விட்டுப் பார்த்தார்கள், மலக்குடலை விரலாலும் கருவியாலும் பரிசோதித்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், புற்று மறுபடி தலை தூக்கவில்லை என்று நிச்சயப்படுத்திக் கொண்டார்கள். ஓட்டை சிறியதுதான், ஆனால் நாட்பட்டது.

எல்லாம் முடிந்த பிறகு டாக்டர் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: "ஐயா, உங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் நண்டு வளை வழியாகக் கசிவு கண்டால் என்ன செய்வீர்கள்?"

பழைய தலைமை ஆசிரியர் விழித்துக் கொண்டார். "முதலில் வரத்துத் தண்ணீரை வேறு பக்கம் திருப்புவோம்" என்றார்.

"அப்புறம்?"

"கரை காய வேண்டும். சேறாக இருக்கும் கரையில் போட்ட மண் நிற்காது."

"அப்புறம்?"

"ஓட்டையின் வாயில் மண்ணை அப்பினால் பிரயோஜனமில்லை. கரையை வெட்டித் திறந்து, வளை முழுவதையும் தோண்டியெடுத்துவிட்டு, நடுவிலே நல்ல களிமண் போட்டு மிதிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தண்ணீர் விடலாம்."

"நாங்கள் செய்யப் போவதும் அதேதான், ஐயா. இதே வரிசையில்தான்" என்றார் டாக்டர்.

*

இந்த வரிசையை மனிதர்கள் சுலபமாகக் கற்றுக்கொண்டு விடவில்லை. அதன் விலையை முதலில் கொடுத்தவர்கள் யார் என்பதையும் நாம் தெரிந்து கொள்ள வேண்டும்.

பிரசவ வேதனை நாட்கணக்கில் நீடித்தால் ஸ்திரீகளுக்கு மூத்திரப்பையில் ஓட்டை விழுந்து, சிறுநீர் ஓயாமல் ஒழுகும். அந்தப் பெண்களை வீட்டாரே ஒதுக்கி வைத்த கொடுமை உலகமெங்கும் நடந்தது. 1840-களில் அமெரிக்காவில் அலபாமா மாகாணத்து மாண்ட்கொமெரி நகரில் ஜேம்ஸ் மேரியன் சிம்ஸ் என்ற டாக்டர் இதற்குச் சிகிச்சை காண முயன்றார். அவர் கத்தி வைத்தது அடிமைகளாக இருந்த நீக்ரோ ஸ்திரீகளின் மேல். மயக்க மருந்தும் கொடுக்கவில்லை. அனார்க்கா, பெட்ஸி, லூஸி என்ற மூன்று பெண்களின் பெயர்கள் மட்டும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அனார்க்காவுக்கு மட்டும் சுமார் முப்பது தடவை சிகிச்சை நடந்தது. 1849-ல் வெள்ளிக் கம்பியால் தைத்து, மூத்திரப்பையில் நீர் தேங்காமல் குழாய் வைத்து வடித்துவிட்டபோதுதான் ஓட்டை மூடிற்று. சிம்ஸுக்கு நியூயார்க் நகரத்துப் பூங்காவில் சிலை வைத்தார்கள். 2018-ல் அந்தச் சிலையை அப்புறப்படுத்திவிட்டார்கள். சிலை போனாலும், அந்தப் பெண்கள் பட்ட பாட்டில் பிறந்த பாடம் நிற்கிறது: தையல் ஆறும் வரையில் அந்த இடத்தில் நீர் தேங்கக் கூடாது.

பிராஸ்டேட் புற்றுக்காகச் சுரப்பியை முழுவதும் எடுக்கும் முறையை, 1904-ல் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் ஹ்யூ ஹாம்ப்டன் யங் என்பவர் செய்து காட்டினார். அந்த யங்கே, ஸ்டோன் என்ற டாக்டரோடு சேர்ந்து, 1917-ல் மூத்திர வழிக்கும் மலக்குடலுக்கும் நடுவே விழும் புரைவழியை அடைப்பதற்கும் ஒரு முறையை எழுதினார். பாலம் கட்டியவரே உடைப்பை அடைக்கவும் யோசனை சொன்னது பாராட்டத் தக்க காரியம்.

1969-ல் இங்கிலாந்தில் கில்பாட்ரிக், யார்க் மேஸன் என்ற இருவர் வேறு வழி சொன்னார்கள். நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து, முதுகெலும்பின் அடி நுனியிலிருந்து ஆசனவாய் வரையில் கீறி, சுருக்குத் தசையையும் பிளந்து, பின்பக்கமாக ஓட்டையை எட்டுவது அவர்கள் முறை. பிளக்கும் தசையின் ஒவ்வோர் அடுக்கிலும் அடையாள நூல் கட்டி வைத்து, முடிவில் அதது அததனோடு சேரும்படி தைக்க வேண்டும். சுருக்குத் தசையைப் பிளந்தால் அப்புறம் மலம் அடங்குமா என்று கேட்கத் தோன்றும். ஒழுங்காகத் தைத்தால் பெரும்பாலோருக்கு அடங்குகிறது என்பது அனுபவம்.

இன்னொரு முறையில், விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலுள்ள இடத்தில் கீறி, மூத்திர வழியையும் மலக்குடலையும் பிரித்து, இரண்டு ஓட்டைகளையும் தனித்தனியே தைக்கிறார்கள். நமது நண்பர் சொன்ன களிமண்ணுக்கும் அதில் இடமுண்டு. தொடையின் உட்புறத்தில் 'கிராசிலிஸ்' என்று நீண்ட மெல்லிய தசை ஒன்று இருக்கிறது. அதன் கீழ் நுனியை விடுவித்து, ரத்த ஓட்டம் வரும் மேல் முனையை அப்படியே விட்டு, தோலுக்கு அடியிலேயே திருப்பிக் கொண்டு வந்து, இரண்டு தையல்களுக்கும் நடுவே வைத்துத் தைக்கிறார்கள். உயிருள்ள தசை நடுவில் நிற்பதால், இந்தப் பக்கத்துப் புண் அந்தப் பக்கத்துப் புண்ணைப் பார்க்க முடியாது. மற்றத் தொடைத் தசைகள் இருப்பதனால் நடப்பதற்கு அதனால் குறைவு வருவதில்லை. ஓட்டை பெரிதாக இருந்தால், கன்னத்தின் உட்புறத் தோலில் ஒரு துண்டை எடுத்து மூத்திர வழிக்கு ஒட்டுப் போடுவதும் உண்டு. புகையிலையும் பாக்கும் ஓயாமல் மென்று கன்னம் இறுகிப் போனவர்களுக்கு அந்தத் தோல் உதவாது. வெற்றிலைப் பெட்டியைப் பிரியாத நம் பெரியவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்!

இவையெல்லாம் சீமை விவகாரம் என்று நினைக்க வேண்டாம். நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் இதே வகைப் புரைவழிகளைச் செப்பனிட்ட தங்கள் அனுபவத்தை 2008-ல் வெளியிட்டிருக்கிறார்கள். யந்திரக் கையால் பிராஸ்டேட் சுரப்பியை எடுக்கும் முறையை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரிலிருந்து பரப்பிய மணி மேனன், புதுச்சேரி ஜிப்மரில் படித்தவர். ஆனால் யந்திரக் கை வந்தாலும் வரப்பின் கனம் கூடிவிடவில்லை. ஜாக்கிரதை குறையக் கூடாது.

*

நண்பரின் கதைக்கு வருவோம். தண்ணீரைத் திருப்புவது என்றால் இரண்டு தண்ணீரையும் திருப்ப வேண்டும். சிறுநீருக்குக் குழாய் வைத்தார்கள். மலத்துக்கு, இடது வயிற்றில் ஒரு வாய் திறந்து, பெருங்குடலை அங்கே கொண்டு வந்து தைத்து, மேலே ஒரு பையை ஒட்டினார்கள். சிறிய ஓட்டைகளில் சில, இப்படித் திருப்பிவிட்ட மாத்திரத்திலேயே தாமாக மூடிக் கொள்வதுண்டு. பலருக்கு மூடுவதில்லை. இருந்தாலும் வீக்கமும் சீழும் வற்றுவதற்காகக் குறைந்தது மூன்று மாதமாவது காத்திருப்பது வழக்கம். கதிர் பட்ட உடம்பானால் இன்னும் அதிக காலம்.

அந்த மூன்று மாதந்தான் நண்பருக்குப் பெரும் சோதனை. கத்திக்குப் பயப்படாதவர் பைக்குப் பயந்தார். "வயிற்றில் மலப்பையைக் கட்டிக்கொண்டு நான் உயிரோடு இருக்க வேண்டுமா?" என்று கேட்டார்.

நாம் அவருக்குப் பெரியாரை ஞாபகப்படுத்தினோம். அவருடைய கொள்கை இவருக்கு ஒத்ததோ இல்லையோ, அது வேறு விஷயம். கடைசிக் காலத்தில் மூத்திரக் குழாயும் அதன் கலமும் கூடவே வர, அந்தக் கிழவர் ஊர் ஊராகப் போய் மேடை ஏறியது தமிழ் நாடு முழுவதும் கண்ட காட்சி. 1973 டிசம்பர் 19-ந் தேதி சென்னை தியாகராய நகரில் கடைசியாகப் பேசினார். 24-ந் தேதி வேலூர் ஆஸ்பத்திரியில் காலமானார். குழாயைக் காரணம் காட்டி அவர் ஒரு கூட்டத்தைக்கூட வேண்டாம் என்றிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். "அவருக்கு அந்தக் கலம் கடைசி வரை துணை வந்தது, உமக்கு இந்தப் பை சில மாதத்துக்குத்தான்" என்றோம். நண்பர் பதில் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலையில் பையைக் கழற்றிக் கழுவி மாட்டுவது எப்படி என்று நர்ஸிடம் தாமே கேட்டுக்கொண்டார். பக்கத்தில் நின்று அவர் மனைவியும் கற்றுக்கொண்டார். அன்று முதல் அந்த வீட்டில் ரகசியமாகத் துணி துவைப்பது நின்றது.

நான்காம் மாதம் சிகிச்சை நடந்தது. தொடைத் தசையை நடுவே வைத்துத் தைத்தார்கள். ஆறு வாரம் மூத்திரக் குழாய் இருந்தது. பிறகு சாயம் விட்டு எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் சாயம் மூத்திர வழியோடு நின்றது. மலக்குடல் பக்கம் ஒரு சொட்டும் போகவில்லை. இன்னும் இரண்டு மாதம் பொறுத்து, வயிற்றிலிருந்த வாயையும் மூடினார்கள். ஆக, மூன்று கத்திகள், சுமார் எட்டு மாதம். நிறையத்தான். ஆனால் வெட்கத்துக்குக் கொடுத்த பதினாலு மாதத்தைவிடக் குறைவு.

எல்லோருக்கும் இப்படி முடியுமா என்று கேட்டால், உண்மையைச் சொல்ல வேண்டும். 2010-ல் அமெரிக்காவில் பாஸ்டன் அருகிலுள்ள லேஹி ஆஸ்பத்திரி டாக்டர்கள் 74 பேருக்குச் செய்த இத்தகைய சிகிச்சைகளின் கணக்கை வெளியிட்டார்கள். கதிரோ, அதுபோல் திசுவைப் பொசுக்கும் வேறு வைத்தியமோ படாதவர்கள் எல்லோருக்கும் ஒரே சிகிச்சையில் ஓட்டை மூடியது. அவை பட்டவர்களில் நூற்றுக்கு 84 பேருக்கு மூடியது. அவர்களில் சிலர் பையோடேயே இருக்கும்படி ஆயிற்று. இது அதிலேயே பழகிய கைகளின் கணக்கு. எல்லா இடத்திலும் இதை எதிர்பார்க்க முடியாது. மேலும், சுரப்பியை எடுத்ததனால் சிலருக்குச் சிறுநீர் அடங்காமை வரும். புரைவழியை அடைத்துவிட்டால் அதுவும் தானே தீர்ந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. அதற்கு வேறு பயிற்சி, வேறு சிகிச்சை.

*

இதனாலெல்லாம் பயந்து, புற்றுக்குச் சிகிச்சை செய்து கொள்ள வேண்டியவர்கள் பின்வாங்கிவிடக் கூடாது. வயதான ஆண்களுக்குப் பிராஸ்டேட் வீங்குவது சகஜம், வீக்கமெல்லாம் புற்றாகிவிடாது. புற்றாக இருந்தாலும், மெதுவாக வளரும் ரகத்துக்கு உடனே கத்தி தேவையில்லை. அடிக்கடி பரிசோதித்துக் கவனித்து வருவதே போதும் என்று டாக்டர்கள் சொல்வதுண்டு. கத்திதான் வேண்டும் என்றால், அதற்கு முன்பே சில கேள்விகள் கேட்பதில் தப்பில்லை. என்னென்ன கெடுதல் நேரக் கூடும்? நேர்ந்தால் என்ன செய்வீர்கள்? இத்தகைய சிகிச்சை உங்களிடம் எத்தனை பேருக்கு நடந்திருக்கிறது? நல்ல டாக்டர் இதற்குக் கோபித்துக் கொள்ள மாட்டார்.

சிகிச்சைக்குப் பிறகு, சிறுநீரில் காற்றோ மலமோ கண்டாலும், பின்வழியாக நீர் கசிந்தாலும், காரணம் தெரியாத ஜுரம் விட்டு விட்டு வந்தாலும், சிகிச்சை செய்தவரிடமே உடனே திரும்பிப் போக வேண்டும். மலக்குடலில் காயம் பட்டது மட்டுமே டாக்டரின் அஜாக்கிரதைக்கு ருசுவாகிவிடாது. ஆனால் நோயாளியிடம் அதைச் சொல்லாமலிருப்பதற்கு மன்னிப்பில்லை. அங்கே செப்பனிட வசதியில்லையென்றால், இதில் பழகியவர் யார் என்று கேட்டு அங்கே போக வேண்டும். இந்த உடைப்பை முதல் தடவையில் சரியாக அடைப்பது சுலபம். ஒரு தடவை தவறிய இடத்தில் மறுபடி அடைப்பது மிகக் கஷ்டம்.

மதுரையில் 1940-ல் எர்ஸ்கின் பெயரால் திறக்கப்பட்டு, பின்னர் ராஜாஜி பெயர் பெற்ற 'பெரியாஸ்பத்திரி' இருக்கிறது. 1954-ல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி அதோடு சேர்ந்திருக்கிறது. மூத்திர உறுப்புகளுக்கென்றே தனிப் பகுதி அங்கே உண்டு. கையில் பணமில்லை என்பதற்காக ஒருவர் கசிவோடு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. சர்க்காரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தமக்கு வேண்டிய சிகிச்சைக்கு இடமுண்டா என்று சேரும்போதே கேட்டுக் கொள்ளலாம்.

டாக்டர் வேலையை டாக்டர் பார்ப்பார். வீட்டார் பார்க்க வேண்டிய வேலையும் ஒன்று உண்டு. தகப்பனார் திடீரென்று கல்யாணம் கார்த்திகைக்குப் போவதை நிறுத்திக் கொண்டால், தாத்தா தனி அறையை விட்டு வராமலிருந்தால், 'வயதாகிவிட்டது, அப்படித்தான்' என்று விட்டுவிடாமல், தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டும். ஒரு தடவை எரிந்து விழுந்தால் இன்னொரு தடவை கேட்க வேண்டும்.

வைகையில் வெள்ளம் வந்து கரை உடைந்தபோது, வீட்டுக்கு ஒரு பங்கு என்று பாண்டியன் கரையை அளந்து விட்டான் என்பது மதுரையில் குழந்தைகளுக்கும் தெரிந்த கதை. ஆளில்லாத வந்திக் கிழவிக்கும் ஒரு பங்கு விழுந்தது; அவளுடைய பிட்டுக்காக மண் சுமக்கச் சொக்கநாதரே வந்தார். ஆவணி மூலத்தில் அந்தத் திருவிளையாடலைப் புட்டுத்தோப்பில் இன்றும் நடத்துகிறார்கள்.

இந்த வருஷம் அந்தக் கூட்டத்தில் நமது நண்பரைப் பார்த்தோம். இரண்டு கைகளாலும் கூட்டத்தை விலக்கிக் கொண்டு, "இப்படி வாருங்கள், இங்கிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும்" என்று முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் உத்தரவு போட்டுக் கொண்டிருந்தார். அவருடைய மனைவி பக்கத்தில் நின்று கொண்டு, "அண்ணே, அடுத்த முகூர்த்தத்தில் மூன்று கல்யாணம் இருக்கிறது. மூன்றுக்கும் போக வேண்டும் என்கிறார்" என்றார்.

சமையற்காரர்கள் எச்சரிக்கையாக இருப்பார்களாக!